பழைய தொடக்கப்பள்ளியில் பெற்றோர் அறிமுக நாள்: எதைக் காட்டணும், எதைப் பேசணும்?

மலையடிவாரம்:

கிருஷ்ணகிரி டவுனில் உள்ள ஒரு பழைய தனியார் தொடக்கப்பள்ளிக்காகக் கேட்கிறேன். எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை, அரசு உதவி பெறாத பள்ளி. சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது. முன்பக்கம் கல்தூண் வைத்த ஓட்டுக் கட்டடமும் மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டங்கள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் இட்ட தட்டைக் கூரை) போட்ட இரண்டு அறைகளும் இருக்கின்றன. பின்பக்கம் பிற்காலத்துக் கான்கிரீட் வகுப்பறைகள். முதலில் தமிழ்வழி மட்டும் இருந்தது, இப்போது ஆங்கிலவழியும் உண்டு.

பைபாஸ் பக்கம் பெரிய பள்ளிகள் வந்த பிறகு சேர்க்கை குறைந்துவிட்டது. அதனால் பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை சேர்க்க நினைக்கும் பெற்றோரை அழைத்துப் பள்ளியை அறிமுகப்படுத்தலாம் என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. பள்ளி வரலாறு பற்றி முக்கால் மணி நேரம் பேச்சு, பிறகு பிள்ளைகளின் நடனம், கடைசியில் டீ, பிஸ்கட். இதுதான் இப்போதைக்குத் திட்டம். இது போதுமா? வேறு எப்படிச் செய்யலாம்? கையில் கொடுக்கிற தாளில் என்னென்ன இருக்கணும்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்க.

பாரமகால் வாத்தியார்:

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையை மாத்துங்க மேடம். காலி வகுப்பறையைப் பார்த்து யாரும் பிள்ளையைச் சேர்க்க மாட்டாங்க. வேலைநாளில், காலை 10 மணிக்கு, பாடம் நடக்கும்போது கூட்டிவாங்க. ஒரு குழுவுக்கு 10, 12 பெற்றோருக்கு மேல் வேண்டாம். அதுக்கு மேல போனா வகுப்பு வாசலில் கூட்டம் நின்று பாடம் கெடும். 50 பேர் வருவாங்கன்னா அஞ்சு நாளாப் பிரிங்க. சுற்றிக் காட்ட 40 நிமிடம், உட்கார்ந்து பேச 30 நிமிடம்.

சுற்றும் வரிசை முக்கியம். பெரும்பாலான பள்ளிகள் நேரா ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கோப்பைகளைக் காட்டும். நீங்க கேட்டிலிருந்தே ஆரம்பிங்க. காலையில் பிள்ளை எந்தப் பக்கம் இறங்கும், வண்டி எங்கே திரும்பும், கேட்டில் யார் நிற்பார், சாயங்காலம் யாரிடம் பிள்ளையை ஒப்படைப்பீங்க, வழக்கமா வர்றவர் வராம வேறொருத்தர் வந்தா என்ன செய்வீங்க. டவுன் பள்ளிக்கு ரோடு ஒடுக்கம், இந்தக் கேள்வி எல்லார் மனசிலும் இருக்கும். அவங்க கேட்கும் முன்னாடி நீங்களே சொல்லிடுங்க.

அடுத்து கழிப்பறை. ஆமாம், இரண்டாவதாகவே. பழைய பள்ளிகளில் கழிப்பறை பின்கட்டில் தூரமா இருக்கும். எல்.கே.ஜி. பிள்ளை தனியா அவ்வளவு தூரம் போகப் பயந்து அடக்கிக்கும், தண்ணி குடிக்கவே தயங்கும். கூட யார் போறாங்க, எந்த நேரத்துக்குக் கூட்டிப்போறீங்கன்னு சொல்லுங்க. கை கழுவும் குழாய் தரையிலிருந்து 2 அடிக்குள் இருந்தால்தான் மூணு நாலு வயசுப் பிள்ளைக்கு எட்டும். எட்டலேன்னா படி கட்டுங்க. ஸ்டூல் போடாதீங்க, ஈரத்தில் வழுக்கும்.

அதுக்கப்புறம் இரண்டாம் வகுப்பு. ஒரு தொடக்கப்பள்ளியின் தரம் தெரியும் இடம் அதுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலையைத் தாண்டிப் பிள்ளை சரளமா வாசிக்கத் தொடங்கணும். கழித்தலில் கடன் வாங்குறது புரிஞ்சிருக்கணும். பெற்றோர் முன்னாடி ஒரு பிள்ளையை எழுப்பிப் படிக்கச் சொல்லாதீங்க. நல்லாப் படிக்கும் பிள்ளையைத்தான் எழுப்புவீங்கன்னு வந்தவங்களுக்கும் தெரியும். தடுமாறினா அந்தப் பிள்ளைக்குத்தான் அவமானம். அதுக்குப் பதிலா வகுப்பின் எல்லா நோட்டையும், பெயர் தெரியாத மாதிரி அட்டைக்கு மேல் தாள் சுற்றி, ஒரு மேசையில் வைங்க. மூணு நல்ல நோட்டு மட்டும் இல்ல, எல்லா நோட்டும். திருத்திய தேதி இருக்கா, தவறுக்குக் கீழே பிள்ளை மறுபடி எழுதியிருக்கா, ஜூன் மாசக் கையெழுத்துக்கும் ஜனவரிக் கையெழுத்துக்கும் வித்தியாசம் தெரியுதா. பெற்றோர் தாங்களே புரட்டிப் பார்ப்பாங்க. முக்கால் மணி நேரப் பேச்சு செய்யாததை அந்த மேசை செய்யும்.

ஆசிரியர் எண்ணிக்கையை ஒளிக்காமச் சொல்லுங்க. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. 150-ஐத் தாண்டினால் தலைமை ஆசிரியர் தனி. இந்த ஐந்து வகுப்புக்கும் ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல் குறைந்தபட்சம். உங்க பள்ளியில் பிள்ளைகள் குறைவுன்னா அது இந்த இடத்தில் பலம். ஒரு வகுப்பில் 22 பேர்னா அதை வாய் திறந்து சொல்லுங்க. அந்த ஆசிரியர்கள் எத்தனை வருஷமா அங்கேயே இருக்காங்கன்னும் சொல்லுங்க. வருஷா வருஷம் ஆள் மாறும் பள்ளியா இல்லையாங்கிறதைப் பெற்றோர் கட்டாயம் பார்ப்பாங்க.

நடனம் வேண்டாம். அதுக்காக ரெண்டு வாரப் பாடம் போயிடும்.

சுண்ணாம்புக் காரை:

கட்டடம் பற்றி மட்டும் சொல்கிறேன். பழைய கட்டடம் பெற்றோருக்கு ஒரே சமயத்தில் பிடிக்கவும் செய்யும், பயத்தையும் கொடுக்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்ததை இன்றைக்கும் எந்தப் பெற்றோரும் மறக்கவில்லை. ஆகவே அழகைப் பேசும் முன் நான்கு தாள்களைச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டுங்கள்: கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. பக்கத்திலேயே பள்ளி அங்கீகார ஆணை. ஒவ்வொன்றிலும் காலாவதித் தேதி கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஏதாவது ஒன்று புதுப்பிப்பில் இருந்தால் விண்ணப்பித்த ரசீதை வையுங்கள். பழைய சான்றைத் தேதி மறைத்து மாட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அறிமுக நாளுக்காக அவசர அவசரமாகப் பெயின்ட் அடிப்பார்கள், அங்கேதான் பழைய சுவர் கெடுகிறது. அது சுண்ணாம்புக் காரைச் சுவர். தரையிலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். அடுத்த மழைக்குள் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை பொரிந்து விழும். சிமென்ட் பூச்சு இருந்தால் பொரிந்த மட்டத்துக்கு மேல் இன்னும் ஓரடி வரை கொத்தி எடுத்துவிட்டு, 1 பங்கு நீர்த்த சுண்ணாம்பு, 3 பங்கு சலித்த மணல் கலவையில் பூசி, நேரடி வெயில் படாமல் ஈரப்படுத்தி, குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டுப் பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். பிப்ரவரி கடைசிக்கு வேண்டுமென்றால் இப்போதே கொத்த வேண்டும். நாள் போதாது என்றால் தொடாமல் விடுங்கள். கறை தெரிந்தால் தெரியட்டும், பொரிகிற பெயின்டை விட அது நாணயமானது.

மெட்ராஸ் டெரஸ் அறைகளில் பார்க்க வேண்டியது மரச்சட்டங்களின் முனை, சுவருக்குள் நுழையும் இடம். நடுவில் மரம் கல் மாதிரி இருக்கும், முனையில் கரையான் தின்றிருக்கும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த அறையில் உடனே வகுப்பை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஓட்டுக் கட்டடத்தில் ரீப்பர், அதாவது ஓட்டைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டம்தான் முதலில் போகும். குரங்கு நடமாட்டம் உள்ள இடமென்றால் ஓடு நகர்ந்து மழைநீர் ஒரே கைமரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, ஜூன் திறப்புக்கு முன் ஒரு முறை ஓடு மாற்ற ஆள் ஏற வேண்டும்.

வளாகத்தில் கிணறு இருந்தால் இரும்புக் கிராதி போட்டுப் பூட்டு. பழைய ஒயரிங் என்றால் 30 மில்லி ஆம்பியரில் தட்டும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பலகையில் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்திருந்தால் பெற்றோரிடம் தைரியமாகக் காட்டுங்கள். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் ஏப்ரல் வெயிலில் எவ்வளவு குளுமை என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, உள்ளே நின்றாலே தெரியும்.

மலையடிவாரம்:

ரொம்ப நன்றி. வேலைநாள் யோசனையை நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, குடிநீர். எங்களிடம் போர் தண்ணீர்த் தொட்டி, நகராட்சிக் குழாய் இரண்டும் உண்டு. அதை விளக்கணுமா? இரண்டு, தொடங்கிய ஆண்டு. கல்வெட்டில் ஒன்று, பழைய பதிவேட்டில் ஒன்று, நிர்வாகம் சொல்வது ஒன்று.

தென்பெண்ணை நீர்:

குடிநீரைக் கட்டாயம் விளக்கணுங்க. வேற ஊர்ப் பள்ளிக்கு இது சின்ன விஷயமா இருக்கலாம், நம்ம ரெண்டு மாவட்டத்துக்கு இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். அதுக்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயசு ஏறக்குறைய எட்டு வரை. அந்த வயசில் குடிக்கிற தண்ணிதான் பல்லில் காவிக்கறையா வெளிப்படும். பின்னாடி தண்ணியை மாத்தினாலும் அந்தக் கறை போகாது. எல்.கே.ஜி. முதல் ஐந்து வரைன்னா உங்க பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலானவங்க சரியா அந்த வயசுக்காரங்க.

இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் போர் தண்ணியையும் குழாய்த் தண்ணியையும் தனித்தனி பாட்டிலில் கொடுத்துச் சோதிங்க. சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், அதே தண்ணியில் மூணு தடவை அலசி நிரப்பி, மேலே இடம், தேதி எழுதணும். கிருமிக்கான சோதனைக்குத் தனிப் பாட்டில், அதை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்க. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அளவு மாறும், அதனால ஏப்ரலில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை.

பள்ளிகளில் வழக்கமா நடக்கும் தப்பு ரெண்டு. கொதிக்க வெச்சா சரியாயிடும்னு நினைக்கிறது முதல் தப்பு. கிருமிதான் சாகும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும், தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். சாதா கேண்டில் ஃபில்டர், குளோரின் மாத்திரை ரெண்டுக்கும் இதே கதிதான். ஆர்.ஓ. குறைக்கும், ஆனா உள்ளே வடிகட்டுற மெம்பரேன் சவ்வு கெட்டுப்போனா தண்ணி வந்துக்கிட்டேதான் இருக்கும், சுத்தம்தான் ஆகாது. பராமரிப்புத் தேதியை மெஷின் மேலேயே ஒட்டுங்க. ரெண்டாவது தப்பு, குழாயில் வர்ற காவேரித் தண்ணியையும் போர் தண்ணியையும் ஒரே மேல்தொட்டியில் கலக்கிறது. குடிக்க ஒரு தொட்டி, கழிப்பறைக்கு ஒரு தொட்டி, நடுவில் இணைப்புக் குழாய் இருக்கக் கூடாது. குடிநீர்க் குழாய்க்கு நீலம், மற்றதுக்குச் சிவப்பு அடிங்க, படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரியும். சோதனை முடிவைத் தண்ணிக் குழாய்க்குப் பக்கத்திலேயே மாட்டுங்க. நம்ம ஊர்ப் பெற்றோர் அதை நின்று படிப்பாங்க.

பழைய ஏடு:

தொடங்கிய ஆண்டு மூன்றாக இருப்பது குழப்பம் இல்லை. திண்ணைப் பள்ளியாகத் தொடங்கிய ஆண்டு, அங்கீகாரம் கிடைத்த ஆண்டு, இப்போதைய கட்டடம் எழுந்த ஆண்டு என மூன்றும் தனித்தனி நிகழ்வுகளாக இருக்கலாம். ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைக்காமல் மூன்றையும் தாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் எது என்பதோடு.

கல்வெட்டில் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் கவனம் தேவை. 60 ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். பிரஜோற்பத்தி என்றால் 1931-32 ஆகவும் இருக்கலாம், 1871-72 ஆகவும் இருக்கலாம். நிலப் பத்திரத்தில் பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1340 என்பது 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. பழைய தாளில் 'சேலம் ஜில்லா' என்று இருப்பதைப் பார்த்து வேறு பள்ளி என்று ஒதுக்கிவிட வேண்டாம். தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965 அக்டோபர் 2, அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. 1965-க்கு முந்தைய அரசு ஆவணங்களைத் தேட வேண்டுமானால் சேலம் மாவட்டம் என்ற தலைப்பில், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும். லெ பானுவின் 1883 சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியரும் நம் பகுதிப் பின்னணிக்கு உதவும். உங்கள் பள்ளியின் பெயர் அவற்றில் இல்லாமல் போகலாம், அதனால் குறை ஒன்றும் இல்லை.

பெரிய மனிதர் யாராவது படித்ததாகச் சொல்ல நினைத்தால் சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண் கிடைத்த பிறகு சொல்லுங்கள். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி நம் மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அவர் படத்தை வைத்து ஏதோ தொடர்பு இருப்பதுபோல் காட்டுவது பள்ளியின் பெயரைத்தான் கெடுக்கும்.

பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து வைக்காதீர்கள். அதில் சாதிப் பத்தி இருக்கும், தகப்பனார் தொழில் இருக்கும், இடையில் நின்ற காரணம்கூட இருக்கும். அந்தக் குடும்பங்கள் இதே தெருக்களில் வாழ்கின்றன. அட்டையைக் காட்டலாம். உள்பக்கம் காட்ட வேண்டுமென்றால் வரிசை எண், சேர்ந்த தேதி, வகுப்பு ஆகிய மூன்று பத்திகள் மட்டும் தெரியும்படி மற்றதைக் கெட்டித் தாளால் மூடி, கண்ணாடிக்குள் வையுங்கள். முதல் பெண் பிள்ளை எந்த ஆண்டு, எத்தனையாவது எண்ணில் சேர்ந்தாள் என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதைவிடச் சிறந்த வரலாறு வேறு வேண்டாம். மொத்த வரலாற்றுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

ராயக்கோட்டை சாலை:

கையில் கொடுக்கும் தாளைப் பற்றி யாரும் சொல்லலை. ஒரே தாள், ரெண்டு பக்கம். முன்பக்கம் பணம். கட்டண நிர்ணயக் குழு உங்களுக்கு நிர்ணயித்த தொகை, எந்த மூன்று கல்வியாண்டுக்கு என்பது, அப்புறம் வேன், புத்தகம், சீருடைன்னு ஒரு வருஷத்துக்கு ஆகும் மொத்தம். தவணைத் தேதிகள். நன்கொடை கிடையாதுன்னு ஒரு வரி. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி நன்கொடை வாங்கினா பத்து மடங்கு வரை அபராதம். அதே சட்டத்தில் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீடு உங்க பள்ளிக்குப் பொருந்தும்னா, எத்தனை இடம், ஒரு கிலோமீட்டர் எல்லை, நலிந்த பிரிவுன்னா ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள், விண்ணப்பம் ஆன்லைனில் அரசு அறிவிக்கும் தேதியில்னு எழுதுங்க. சிறுபான்மை அந்தஸ்து உள்ள பள்ளின்னா இது பொருந்தாது, அதையும் எழுதிடுங்க. வீணா அலைய விடக் கூடாது.

பின்பக்கம், ஐந்தாம் வகுப்புக்கு அப்புறம் என்ன என்பது. பெரிய பள்ளிகள் பிளஸ் டூ வரை கவலையில்லைன்னு சொல்லித்தான் பிள்ளைகளை இழுக்குது. ஐந்தோடு முடிவது உங்க குறைன்னு நினைக்காதீங்க. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் எல்லாத்துக்கும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான். உங்களிடம் ஐந்து முடிச்சு ஆறில் அரசுப் பள்ளியில் சேர்ந்து பன்னிரண்டு வரை அங்கேயே படிக்கிற பிள்ளைக்கு இதில் எதுவும் கைவிட்டுப் போகாது. பல பெற்றோருக்கு இது தெரியாது.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் நேர்மையாச் சொல்லணும். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவருக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேணும். ஒன்றில் ஆங்கிலவழி எடுத்தா பிறகு மாறினாலும் அது கிடைக்காது. தமிழ்வழிப் பிரிவை இன்னும் வெச்சிருக்கிற தனியார் பள்ளி அபூர்வம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் குடும்பங்கள் வேப்பனப்பள்ளி, ஓசூர் பக்கத்திலிருந்து வந்து டவுனில் இருக்காங்க, அவங்களுக்கும் எது தோது என்று உட்கார்ந்து பேசுங்க. எந்த வழின்னாலும் தமிழ் ஒரு கட்டாயப் பாடம் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

மாற்றுச் சான்றிதழ் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேடு) மூலமாத்தான் வரும். அஞ்சு முடிச்ச பிள்ளையின் பதிவை அதில் உள்ள பொதுத் தொகுப்புக்குத் தள்ளினால்தான் அடுத்த பள்ளி எடுத்துக்க முடியும், ஜூன் முதல் வாரத்தில் இதில்தான் இழுத்தடிப்பு. அதே மாதிரி சேர்க்கும்போதே பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், இனிஷியல், தேதி மூணும் ஆதாரோடு ஒத்துப்போகுதான்னு பாருங்க. சான்றிதழில் பெயரே எழுதாம விட்டிருக்கும் வீடு நிறைய. பிறந்து 15 வருஷத்துக்குள்ள சேர்த்துக்கலாம், ஆனா எல்.கே.ஜி.யிலேயே முடிச்சிட்டா பத்தாம் வகுப்பில் ஓட வேண்டியதில்லை.

மலையடிவாரம்:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அன்றைக்குப் பெற்றோரோடு வரும் பிள்ளைகளிடம் எங்கள் ஆசிரியர் கொஞ்சம் பேசிப் பார்த்து, நிறம், எண் கேட்டு, யாரைச் சேர்ப்பது என்று குறித்துவைக்கலாமா?

பாரமகால் வாத்தியார்:

வேண்டவே வேண்டாம். சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதிப்பது அதே 13-வது பிரிவில் குற்றம். முதல் தடவை 25,000 வரை, அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை அபராதம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மூணு வயசுப் பிள்ளை புது இடத்தில் வாய் திறக்காததை வெச்சு எதையும் தீர்மானிக்க முடியாது. இடத்தை விட விண்ணப்பம் அதிகமானா குலுக்கல், அதைப் பெற்றோர் முன்னாடியே நடத்துங்க.

வர்ற பிள்ளைகளுக்கு எல்.கே.ஜி. அறையில் களிமண்ணும் மணிச்சட்டமும் வெச்சு, ஒரு ஆசிரியரை உட்கார வைங்க. பெற்றோர் சுற்றிப் பார்க்கும் 40 நிமிடமும் பிள்ளை விளையாடட்டும். அந்த அறைக் கதவைத் திறந்தே வைங்க. சுவரில் 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) ரெண்டும் பிள்ளைகள் கண் உயரத்தில் இருக்கட்டும்.

வேன் இருக்குன்னா அதையும் அன்னிக்கு வளாகத்தில் நிறுத்துங்க. 2012 பள்ளி வாகனச் சிறப்பு விதிப்படி மே மாசம் கூட்டு ஆய்வில் காட்டுற அதே பொருள்கள்தான்: அவசர வழிக் கதவு திறக்குதா, தரைப்பலகை உறுதியா, தீயணைப்பான் தேதி, முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. அவசரக் கதவை ஒரு பெற்றோரையே திறந்து பார்க்கச் சொல்லுங்க. துருப்பிடிச்சு இறுகியிருந்தா பிப்ரவரியிலேயே தெரிஞ்சிடும், மே வரை காத்திருக்க வேண்டாம்.